திருஷ்டிக்கு வைத்த கண்கள்

அந்த இரும்பு கேட் அவளைப் பார்த்தது.

சுதர்ஷினி நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த த்ரீவீலர்க்காரர் ஹார்ன் அடித்து, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனார். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பண்டாரவளையில் ஆசிரியர்களுக்கான செமினார் முடிந்து, குளிருக்குத் துப்பட்டாவை மூக்கு வரை சுற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழியில் இறங்கி வந்தவள்... ஒரு புது வீட்டு வாசலில் தன்னுடைய கண்களையே பார்த்தால் வேறு என்ன செய்வாள்?

ஆமாம்... அவளுடைய கண்களேதான்! கறுப்பு இரும்புத் தகட்டில், இரண்டு கதவிலும் ஒவ்வொன்றாக வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் மேலே ஏறிய இமை. இடது புருவத்தின் நுனியில் அந்தச் சின்ன வளைவு. கண்ணாடியில் தினமும் பார்க்கிறவளுக்குத் தெரியாதா?

சரி, ஒரே மாதிரிக் கண் இரண்டு பேருக்கு இருக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் இடது கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன வட்டத் துளை இருந்தது. மச்சம்! அது கூடவா அதே இடத்தில் இருக்கும்? தூறல் பிடித்துக்கொண்டது, குடையை விரித்தாள். இரும்புக் கண்களில் நீர் வழிந்தது. அவளுக்கும் அழுகை வரும் போலிருந்தது.

"மிஸ், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கேட்ட மூடிப் பாக்கணும்."

கேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒருவன் எட்டிப் பார்த்தான். பார்த்தவன்... அப்படியே உறைந்துபோனான். கையிலிருந்த ஸ்பேனர் நழுவி அவன் காலிலேயே விழுந்தது.

"ஆ...!"

அவன் பெயர் யோகராஜ். பதுளையில் வெல்டிங் கடை வைத்திருப்பவன். இந்தக் கண்களோடுதான் அவன் கொஞ்ச நாளாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான் என்று சொன்னால் மிகையில்லை. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்து, மெஷினில் வெட்டி, ஓரங்களை அரத்தால் ராவி, கை நோக மணல்தாள் தேய்த்து... இப்படிக் கண் நிஜத்தில் எங்கே இருக்கப்போகிறது என்று பெருமூச்சு விட்டவன். இப்போது அதே கண்கள் ஒரு குடைக்குக் கீழே, துப்பட்டாவுக்கு மேலே நின்றன. அவன் பார்க்கும்போதே இமைத்தன!

ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே கேட்டான். "நீங்க... நெசமாவே இருக்கீங்களா?"

"என்ன பேச்சு இது? இத யாரு வரஞ்சது? மொதல்ல அதச் சொல்லுங்க!"

"தெமோதரை ஐயா."

"யாரு...?"

"ஒரு வயசான கணக்கு மாஸ்டருங்க. நெட்டுல 'வளையி'னு ஒரு குழு இருக்கு. அதுல யாரும் படம் போட மாட்டாங்க, சமன்பாடு மட்டுந்தான். நம்ம கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாத்தான் உள்ள இருக்கிற படம் தெரியும். ஐயா போட்டா மயிலு வரும், தாமரை வரும்... பென்ஷன் எடுத்துட்டு தெமோதரைப் பக்கம் சும்மா இருக்காரு போல. பாவம், தங்கமான மனுசன்."

சுதர்ஷினி குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் அந்தத் தங்கமான மனுசன் அவள்தான்.

தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலிருந்தே இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. சைன் வளையி என்கிற வளைகோட்டை வளைத்து அலை செய்வது, வட்டங்களை அடுக்கித் தாமரை விரிப்பது... வீட்டுக்குக் கூடச் சொல்லாமல், தெமோதரை என்ற பெயரில் குழுவில் போடுவாள். ஒரு மழை நாளில் உயிருள்ள ஒன்று சமன்பாட்டுக்குள் வருமா என்று பார்க்க ஆசை வந்தது. அசையாமல் உட்கார்ந்து முகம் காட்ட அன்றைக்குக் கிடைத்தது கண்ணாடியில் தெரிந்த அவள் மட்டுமே. மேல் இமைக்கு ஒரு பரவளைவு, கீழ் இமைக்கு இன்னொன்று, இரண்டு இமைக்கும் நடுவில் மட்டும் தெரிகிற மாதிரி கருவிழிக்கு ஒரு வட்டம். நீளமான கணக்கு... யார் மெனக்கெட்டுப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

ஒருவன் போட்டுப் பார்த்திருந்தான். 'பதுளை இரும்பு' என்ற பெயரில் எழுதுகிறவன். போட்டுப் பார்த்ததோடு விட்டானா? 'ஐயா, இந்தக் கண்கள் உங்கள் மகளுடையதா? அவருக்குத் திருமணம் ஆகிவிட்டதா?' என்று ஒரு கேள்வி வேறு! அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் போட்டிருந்தாள்.

அப்படியானால் அந்தப் பதுளை இரும்பு இவன்தான்! துப்பட்டாவைக் கீழே இறக்கினாள்.

"'தம்பி, கணக்கை மட்டும் பாருங்கள்'னு எழுதினேனா இல்லையா?"

யோகராஜின் முகத்தில் ரத்தம் இல்லை.

"ஐ... ஐயா...?"

"யாரக் கேட்டு என் கண்ண வெட்டினீங்க?"

"உங்களத்தாங்க கேட்டேன்! ஐயா போடுறதெல்லாம் கேட்டுக்கு எடுத்துக்கலாமான்னு... 'தாராளமா'ன்னு நீங்கதான்..."

உண்மைதான். அவளே எழுதியதுதான். அதனாலேயே கோபம் இன்னும் கூடியது.

"சரி, அதுக்காகக் கண்ண எதுக்குக் கேட்டுல வெச்சீங்க?"

அவன் காலைத் தேய்த்துக்கொண்டான். கேட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சொல்லாமல் தப்ப முடியாது என்று தெரிந்ததும் மெல்லச் சொன்னான்.

"வீட்டுக்காரங்க... திருஷ்டிக்கு ஒரு கண்ணு வேணும்னாங்க."

"திருஷ்டிக்கா!" அவளுக்குத் தலை சுற்றியது. "பூசணிக்காய்க்குப் பதிலா என் கண்ணா?"

"கோவிக்காதீங்க மிஸ். மத்தவங்க பெரிய முழியும் கோரப்பல்லுமா வைக்கிறாங்க. அதப் பாத்தா சின்னப் புள்ளைங்கதான் பயப்படும். இந்தக் கண்ணப் பாத்தா... வீட்டப் பாக்கணும்னே தோணாதுங்க. கண்ணையே பாத்துட்டு நின்னுருவாங்க. அப்புறம் எங்கருந்து வீட்டு மேல கண்ணு படும்?"

திட்டுவதற்கு எடுத்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. சே, என்ன மனுஷன்! முகத்தில் குப்பென்று சூடேறியது அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்று துப்பட்டாவைத் திரும்பவும் இழுத்து மூடிக்கொண்டாள். வேகமாக நடந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து, எல்ல என்கிற ஊரைத் தாண்டி, தெமோதரைக்கு வந்து சேரும்வரை கண்ணாடி ஜன்னலில் தன் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டைப் பார்க்கவே தோன்றாதாமே...

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் சிவஞானத்தின் குடும்பம். மகன் சுரேஸ் கொழும்பில் வேலை. சுதர்ஷினியின் அப்பா கந்தப்பன் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்பவர். இந்தச் சம்பந்தம் வந்ததிலிருந்து அவர் தரையில் நடக்கவில்லை. அம்மா ஜெயலெட்சுமி விடியற்காலையிலேயே எழுந்து வடை சுட்டுவிட்டாள்.

சுதர்ஷினி தேநீர்த் தட்டோடு வந்தாள். வழக்கப்படி குனிந்த தலை. வழக்கப்படி மாப்பிள்ளையின் அம்மா, "நிமிந்து பாரும்மா" என்றார்.

நிமிர்ந்தாள்.

"ஐயோ!"

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த வடை தரையில் உருண்டது. "ஏங்க... ஏங்க! நம்ம கேட்டுங்க! நம்ம கேட்டுல இருக்கிற கண்ணுங்க!"

சுதர்ஷினி தேநீர்த் தட்டை அப்படியே மேசையில் வைத்தாள். அந்தப் புது வீடு... இவர்களுடையதா? கடவுளே, பண்டாரவளையில் வேறு வீடே இல்லையா?

அதுவரை போனைத் தடவிக்கொண்டிருந்த சுரேஸ், உதவி செய்வதாக நினைத்து, புதுவீட்டுப் படம் ஒன்றை எடுத்து எல்லாருக்கும் காட்டினான். எல்லாரும் போனைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். திரும்பவும் போனைப் பார்த்தார்கள். மச்சத்தைப் பார்த்ததும் ஜெயலெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"திருஷ்டிக்கு வாசல்ல வெச்ச கண்ணு... அத எப்படிங்க மருமகள்னு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறது?" மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அதுதான் பிரச்சினை.

சிவஞானத்துக்கு வேறு பிரச்சினை. அவர் குரலைத் தாழ்த்தி, கந்தப்பனிடம் மட்டும் கேட்டார். "அந்த வெல்டிங் பையனுக்கு உங்க பொண்ண எப்படிங்க தெரியும்? மச்சம் வரைக்கும்?"

தேநீர் ஆறிப்போனது. வந்தவர்கள் எழுந்து போனார்கள். "அவன் தெரியாம செஞ்சேன்னு எங்க முன்னாடி வந்து சொல்லட்டும். அப்புறம் பேசுவோம்" என்று வாசலில் சிவஞானம் சொன்னது உள்ளே வரை கேட்டது.

"யாரும்மா அவன்?" கந்தப்பன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அத நாந்தாம்பா வரஞ்சேன். கணக்குல."

"கணக்குல எப்படிம்மா கண்ணு வரும்? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு."

அவள் போனை எடுத்தாள். ஒவ்வொரு சமன்பாடாகப் போட்டாள். ஒரு கோடு வளைந்து இமையானது. அதற்குக் கீழே இன்னொன்று. நடுவில் வட்டம் விழுந்ததும் கண் திறந்துகொண்டது. கடைசியாக, ஒரு சின்ன வட்டம்... மச்சம்.

அம்மா வாயில் கையை வைத்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகளை ஏதோ புதிதாகப் பார்ப்பவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார். ஆனால் மூன்று பிள்ளைகளை வளர்த்த மனிதர் அவ்வளவு சுலபத்தில் விடுவாரா?

"நீ வரஞ்சது சரி... அவன் எதுக்கு வெட்டினான்? எத்தனையோ கண்ணு இருக்கே... மச்சத்தக் கூட விடாம?"

அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் பஸ்ஸேறி வந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது.

"நாளைக்கு லீவு போடு. பதுளைக்குப் போவோம். 'எனக்கு இந்தப் புள்ளையத் தெரியாது'ன்னு அவன் சொல்லட்டும். சிவஞானம் ஐயா முன்னாடி வந்தும் சொல்லட்டும். உன் பேரும் தப்பிக்கும், சம்பந்தமும் தப்பிக்கும்."

நியாயமான பேச்சு. அவன் தெரியாது என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அப்படியென்றால் ஏன்... அவன் அப்படிச் சொல்லிவிடுவானோ என்று நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது? சுதர்ஷினி திடுக்கிட்டாள். கேட்டைப் பார்த்தபோது கூட இவ்வளவு அதிர்ச்சி இல்லை. ஒரு தரம் பார்த்தவன்... ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டவன்... அவன் தெரியாது என்று சொல்லிவிடக் கூடாதாம், இந்த மனசுக்கு!

போனில் செய்தி வந்து கிடந்தது. 'ஐயா, கேட்டைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். என்னால் உங்களுக்கு ஏதும் சிக்கலா?' பதில் எழுதினாள். அழித்தாள். திரும்பவும் எழுதினாள். நான் எதற்குக் கேட்க வேண்டும், என்ன சொல்வானோ சொல்லட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். வீம்பு!

பதுளையில் மழை இல்லை. வெயிலும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வெல்டிங் கடையில், கம்ப்யூட்டர் காட்டும் வழியில் இரும்பை வெட்டுகிற மெஷின் ஓய்ந்து நின்றது. சுவரில் சாய்த்து வைத்திருந்த கேட்டின் கண்கள் வருகிறவர்களைப் பார்த்தன. கந்தப்பன் கேட்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செருப்பை வாசலில் கழற்றினார். கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவருக்கு அது தோன்றவில்லை.

"வாங்க ஐயா!"

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். யோகராஜ் தவித்துப்போய் இரண்டு நாற்காலிகளைத் துடைத்தான். துடைத்த துணியில் கிரீஸ் இருந்தது.

"உக்காரல தம்பி. ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறோம்." கந்தப்பன் நேராக விஷயத்துக்கு வந்தார். "யாரு என்னன்னு தெரியாம வெட்டினேன்னு சிவஞானம் ஐயா முன்னாடி வந்து சொல்லிட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லது."

சுதர்ஷினி தரையைப் பார்த்தாள். இரும்புத் தூள் மினுமினுத்தது. சொல்லப்போகிறான்... இதோ சொல்லப்போகிறான்...

"மொதல்ல தெரியாமத்தாங்க வெட்டினேன்."

"மொதல்லயா?"

யோகராஜ் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினான். "ஐயா... மிஸ் ஒன்னு போட்டுப் பாக்கணும். குழுவுல போடலாம்னு எழுதினதுதான். தைரியம் வரல. பாத்துட்டு என்னா சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

கம்ப்யூட்டர் திரையில் வெறும் சமன்பாடுகள் வரிசையாக நின்றன. படம் இல்லை. சுதர்ஷினி உட்கார்ந்தாள். இதயம் மட்டும் வரட்டும்... ஆளாளுக்கு அந்த இதய வளையியைத்தான் அனுப்பித் தொலைக்கிறார்கள்... வந்தால் அப்படியே எழுந்து போய்விடுவேன்!

முதல் சமன்பாட்டைத் தட்டினாள். தடித்த வளைவு ஒன்று விழுந்தது. புருவமா? அடுத்தது, நெற்றிக்குக் குறுக்கே ஒரு பட்டை... வெல்டிங் கண்ணாடி! பிறகு இமை. கருவிழி. வலது கண் திறந்து அவளைப் பார்த்தது. கொஞ்சம் பயந்த, கொஞ்சம் தூக்கம் கெட்ட கண். தலையைத் திருப்பாமலே தெரிந்தது... அது அவன் கண்.

அவசரமாக மற்றதையும் தட்டினாள். இடது கண் திறக்கவில்லை. ஒரே ஒரு கோடுதான் வளைந்து கிடந்தது.

"என்னம்மா, ஒரு கண்ணு மூடியிருக்கு?" தோளுக்கு மேலே அப்பா.

அவளுக்குள்ளிருந்த டீச்சர் தானாக வெளியே வந்தாள். "மேல் இமையில ஒரு மைனஸ் தப்பா விழுந்திருக்குப்பா. அதனால மேல் இமை கவுந்து கீழ் இமை மேலயே படுத்திருச்சு. நடுவுல எடம் இல்ல, கருவிழி காணாம போச்சு. புள்ளைங்க வழக்கமா பண்ற தப்புதான்."

"தப்பு இல்லைங்க மிஸ்."

"பின்ன?"

யோகராஜ் கந்தப்பனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஓடுவதற்கு வழியில்லை.

"கண்ணடிச்சேன்."

கம்ப்யூட்டரின் காற்றாடி மட்டும் ஓடியது. பெற்ற தகப்பனின் கண் முன்னாலேயே... பட்டப்பகலில்... கணக்குப் போட்டுக் கண்ணடித்திருக்கிறான்!

"என்னது?" என்றார் கந்தப்பன்.

"எனக்கு இவங்களப் புடிச்சிருக்குங்க." அவன் கிரீஸ் துணியைக் கீழே வைத்தான். "வெட்டும்போது ஆளத் தெரியாது. மச்சத்த விட்டிருந்தா வேல சுலபமா முடிஞ்சிருக்கும், மனசு வரல. அன்னிக்கு ரோட்டுல பாத்ததுக்கு அப்புறம்... இப்ப ஆளத் தெரியும். சிவஞானம் ஐயா முன்னாடி வந்து தெரியாதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. பொய்யாயிரும். அடிக்கிறதுன்னா அடிங்க."

கந்தப்பன் அடிக்கவில்லை. மகள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

சுதர்ஷினிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் பேசுகிறவள்! விரல்கள் மட்டும் விசைப்பலகைக்குப் போயின. குழுவைத் திறந்தாள். தன் கண்களை எடுத்து, அவன் கண்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரையில் அவை அகலத் திறந்து பார்த்தன. இடது கண்ணின் மேல் இமையைத் தேடினாள். அதன் முன்னால்... ஒரே ஒரு மைனஸ் போட்டாள்.

இமை கவிழ்ந்தது. கருவிழி மறைந்தது. மூடிய கண்ணுக்குக் கீழே மச்சம் மட்டும் மிச்சம்.

யோகராஜ் மேசையைப் பிடித்துக்கொண்டான். இந்த முறை ஸ்பேனர் எதுவும் கையில் இல்லாதது அவன் அதிர்ஷ்டம்.

"இதுவும் தப்பாம்மா?" கந்தப்பன் திரையைச் சுட்டிக் கேட்டார்.

"இல்லப்பா..." கண்ணில் நீர் முட்டியது. "தெரிஞ்சுதாம்பா போட்டேன்."

கந்தப்பன் திரையைப் பார்த்தார். கணக்கு அவருக்குப் புரியாது. மகளின் கண் புரியும். பிறகு வெளியே போனார். போய்விட்டாரே என்று அவள் பதறி எழுந்தாள். அவர் சுவரில் சாய்ந்திருந்த கேட்டின் முன்னால் நின்று, விரல்களை விரித்துச் சாண் சாணாக அளந்துகொண்டிருந்தார்.

"தம்பி... இது எங்க வீட்டு வாசலுக்குச் சரியா வருமா? சிவஞானம் வீட்டுக்கு நானே போய்ச் சொல்லிக்கிறேன். இனிமே எங்க வீட்டு மேலதான் ஊர்க் கண்ணெல்லாம் படப்போகுது."

அவள் திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஐயா..." என்றான் யோகராஜ், மெதுவாக, அவளிடம்.

"இன்னொரு தடவ ஐயான்னு கூப்பிட்டீங்கன்னா மைனஸ எடுத்துருவேன்."

"எடுத்தா?"

"ரெண்டு கண்ணாலயும் மொறைப்பேன்."

"எடுங்க" என்றான். "அதப் பாத்துத்தான் நான் ஆசப்பட்டதே."

அவள் மைனஸை எடுத்தாள். திரையில் கண் திறந்தது. முறைக்க வேண்டும் என்றுதான் திரும்பினாள்... முடியவில்லை. ஈரம் காயாத அந்தக் கண்களால் அவனை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு... தம்பி."